மச்சினன் இன்று கேலி செய்யவில்லை

புதன்கிழமை, இரவு.

பள்ளத்தூரிலிருந்து மச்சினன் வந்திருந்தான். இருபது வருடமாக வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன மச்சான், இன்னும் போய்ச் சேரலையா?" என்று கத்துவான். "ஒன்னைய அனுப்பிட்டுத்தான்டா போவேன்" என்பேன். இன்று மெதுவாக வந்து உட்கார்ந்து, "சாப்டீகளா மச்சான்?" என்றான்.

"ஏன்டா, வழக்கமாக் கேக்குறதக் கேக்கலையா?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "மூஞ்சி கழுவிட்டு வாரேன்" என்று கொல்லைப் பக்கம் போனான். வெகுநேரம் குழாய்ச் சத்தமே கேட்கவில்லை.

நேற்று மதுரைக்குப் போய் என் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி வந்தது அவன்தான். "பயப்பட ஒண்ணுமில்லையாம்" என்று என் மனைவி சொன்னாள். அவள் சொன்ன விதத்தில் நம்பிவிட்டேன்.

பாவிப்பயல், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத் தொலைத்திருந்தால் இன்றும் தூங்கியிருப்பேன்.