நாடா கட்டி வைத்திருக்கும் எக்கோ இயந்திரத்தை நோயாளருக்குத் திறந்துவிடக் கோருதல்

அனுப்புபவர்:
திருமதி கமலாசனி சிற்றம்பலம்,
பிள்ளையார் கோவில் ஒழுங்கை,
நெளுக்குளம், வவுனியா.

பெறுபவர்:
வைத்திய அத்தியட்சகர் அவர்கள்,
பூவரசடி ஆதார வைத்தியசாலை,
வவுனியா.

விடயம்: திறப்பு விழாவுக்காகப் பூட்டி வைக்கப்பட்டுள்ள இதயப் படக் கருவி தொடர்பானது.

மதிப்புக்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு என் இதயம் பலமிழந்து, கால்கள் வீங்கி, கிணற்றடியிலிருந்து குசினிக்கு வருவதற்குள் இருந்து இளைப்பாற வேண்டிய நிலையில் இருந்தேன். கொழும்பில் ஓரிடத்தில், இதயத்தை ஒழுங்காகத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவியை எனக்குப் பொருத்தினார்கள். அதிலிருந்து இதயத்தின் இடப்பக்கத்துக்குப் போகும் கம்பியை, இலகுவாக நுழைந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். வீக்கம் வற்றவில்லை. வயது போனால் இவ்வளவுதான் என்று ஆறுதல் சொன்னார்கள். நான் ஆறுதல் தேடிப் போகவில்லை.

2. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். விடை சரியென்றாலும் செய்வழி காட்டாத கணக்குக்கு அவர்கள் புள்ளி தரமாட்டார்கள். ஆகவே, தங்கள் வைத்தியசாலைக்கு மாதந்தோறும் வரும் இதய நிபுணர் டொக்டர் நல்லதம்பியிடம், கம்பி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கொழும்புக்கு அழைத்து எக்கோ படம் எடுத்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தேர் வடத்தை ஒரு பக்கத்தார் பிந்தி இழுப்பதுபோல, என் இதயத்தின் பின்சுவர் மற்றச் சுவர்களுக்குப் பிந்திச் சுருங்கியது. கம்பியோ முன்பக்கத்தில் இருந்தது. படத்தைப் பார்த்தே அதைப் பிந்திய சுவருக்கு மாற்றினார். இந்த ஆனியில் தேருக்குப் பின்னால் வீதி முழுவதும் நடந்தேன். செருப்பின் வார் இப்போது தளர்ந்திருக்கிறது.

3. அதே படத்தை எடுக்கும் இயந்திரம், வெளிநாட்டிலுள்ள எம்மவர் அனுப்பியது, தை மாதம் முதல் தங்கள் மேல்மாடி அறையில் வெள்ளைத் துணி போர்த்து, றோசா நிற நாடா கட்டி வைக்கப்பட்டுள்ளது. பிரதம விருந்தினர் வரவில்லை. நினைவுக் கல்லில் பொறித்த திகதி கடந்துவிட்டதால் புதுக்கல் வெட்டக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். "கல்லு வரட்டும் அம்மா, நல்ல நாள் பாத்து நாடா வெட்டுவம்" என்றார் தங்கள் அலுவலர். வீங்கிய கால் நல்ல நாள் பார்ப்பதில்லை, ஐயா.

4. என் அயலவர் திருமதி றம்லா கலந்தர், சென்ற ஆண்டு நான் இருந்த நிலையில் இன்று இருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுவதால் கதிரையிலேயே உறங்குகிறார். படம் பார்க்காமல் கம்பி வைக்கமாட்டேன் என்று நிபுணர் உறுதியாகச் சொல்லிவிட்டார். படத்துக்கு ஒருமுறை, கம்பிக்கு ஒருமுறை என்று கொழும்புப் பயணம் இரண்டை அவருடைய உடல் தாங்காது. படத்தை இங்கே எடுத்தால் ஒரு பயணம் போதும். "அக்கா, மெசினைக் கலியாணப் பொம்பிளை மாதிரி மூடி வச்சிருக்கினமாம், மாப்பிள்ளை எப்ப வாறார்?" என்று என்னிடம் கேட்டார். இந்தப் பகிடியைச் சொல்லி முடிக்க அவருக்கு இடையில் மூச்சு வாங்கியது.

5. ஆதலால் மாப்பிள்ளையை நானே போய்ப் பார்த்தேன். தங்கள் பிரதம விருந்தினர் எனக்குக் கதிரை தந்து, முழுவதையும் கேட்டுத் தலையில் கைவைத்தார். "எனக்காகக் காத்திருக்கச் சொல்லி நான் ஆரிட்டையும் சொல்லேல்லை. துணியை எடுக்கச் சொல்லுங்கோ அம்மா. நான் பிறகு வந்து தேத்தண்ணி குடிக்கிறன்" என்றார். தாங்கள் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யலாம். இனித் தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

6. வரும் வியாழக்கிழமை நிபுணர் வருகிறார். அன்று முதற் படமாக றம்லாவின் படம் எடுக்கப்படத் தாங்கள் கட்டளையிட வேண்டும். அவரை நானே அழைத்து வருவேன். கத்தரிக்கோல் தேட வேண்டாம். என் தையற்பெட்டியில் நல்லதொன்று உண்டு.

இம்மனுவைத் தபாலில் சேர்க்கவில்லை. கைபிடியைத் தொடாமல், இடையில் நில்லாமல், தங்கள் மேல்மாடிப் படிகளை ஏறி வந்து நேரில் தருகிறேன். எக்கோ படம் எதற்கு என்று யாரேனும் கேட்டால், நான் இப்படி ஏறி வந்ததையே சான்றாகக் காட்டுங்கள்.

தங்கள் கட்டளையை எதிர்பார்த்து வாசலிலேயே இருக்கும்,

கமலாசனி சிற்றம்பலம்
(ஒப்பம்)

இடம்: நெளுக்குளம்
திகதி: 26.07.2005