சுண்டெலி மாவில் கை விட்டாள்

அம்மாடி,

என் பேத்தி சுண்டெலியின் தொடு உணர்வையும் கைகால் அசைவையும் பரிசோதிக்க அந்தத் தெரபிஸ்ட் அம்மா பத்து மணிக்கு மறுபடி வருகிறார். நானே மரியாதையாகப் பூங்காவுக்குக் கிளம்பிவிட்டேன். போன தடவை சுண்டெலியை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னபோது நானும் நின்று, அவர்மேலேயே சாய்ந்தது தப்புத்தான். அதற்காக, "டெஸ்ட் அவளுக்கா, உங்களுக்காப்பா?" என்று நீ ஏழு தெருவுக்குக் கேட்கக் கத்துவதா?

சுண்டெலி சாப்பிட்டுவிட்டு உன் பக்கத்திலேயே தூங்குகிறாள். உன் காபி ஃபிளாஸ்கில்.

முக்கியமானதை விட்டுவிட்டேனே! பிசுபிசுப்பென்றாலே கையை இழுத்துக்கொள்கிறாளே என்று தூக்கமில்லாமல் கிடந்தாயல்லவா? காலையில் நான் பிசைந்த மாவில் தானாகவே முழங்கை வரை கையை விட்டாள். "தாத்தா, கொழகொழன்னு நல்லாருக்கு!" என்று என் வழுக்கை முழுக்க அப்பினாள். ஃபிரிட்ஜ் கதவிலுள்ள அவள் கைத்தடத்தைத் துடைத்துவிடாதே, அந்த அம்மாவிடம் காட்டு.

பி.கு.: நம்பாவிட்டால் போன் போடு, வந்து காட்டுகிறேன். தலையைக் கழுவாமல்தான் போகிறேன்.