நீ மூச்சு வாங்கும் இடம்

மச்சாள்,

இன்று காலை மாதா கோவில் பியானோவைத் துடைத்தேன். கடலில் இருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. உப்புப் பட்டு இடது பெடலில் பச்சை பிடித்திருந்தது. வலது பெடல் மட்டும் என் கால் பட்டுப் பட்டுப் பளபளவென்று கிடந்தது. அதைக் கண்டதும் உன்னோடு கதைக்க வேண்டும் போல் இருந்தது. நீ இல்லை, எழுதுகிறேன்.

சண்டை முடிந்து பாதைகள் திறந்த பிறகு, கொழும்பு மடமொன்றில் இருந்த கன்னியாஸ்திரிகள் தந்த பியானோ இது. வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியில்தான் வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்தால் வெங்காய வாசம். "இனிப் பாட்டே தேவையில்லை, சனத்துக்குத் தன்பாட்டில கண்ணீர் வரும்" என்றாய். சுவாமியாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

சின்ன வயதில் இருந்தே நீ பாடுவாய், நான் கால் ஆர்மோனியம் வாசிப்பேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. ஆர்மோனியத்தில் மிதித்துக்கொண்டே இருந்தால்தான் காற்று வரும், கால் நின்றால் சத்தமும் நின்றுவிடும். பியானோவிலும் அப்படியே மிதிமிதியென்று மிதித்தேன். ஒலி துண்டு துண்டாக வெட்டுப்பட்டது.

"என்னடி, தையல் மெசினா ஓட்டுறாய்?"

சிரித்தாய்தான். ஆனால் உனக்குள் பயம் இருந்தது எனக்குத் தெரியும். சண்டைக்காலம் முழுக்க நீ கண்ணால் காணாத உன் அக்கா, அந்த வருடத் திருவிழாவுக்கு மன்னாரில் இருந்து வரவிருந்தா. அவவுக்கு முன்னால் மாதா பாட்டை நீ தனியாகப் பாட வேண்டும். உனக்கோ முட்டு வருத்தம் கூடி, இழுப்பு விடாமல் இருந்தது. ஒரு வரி முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடும்.

"நான் மூச்சு இளைக்கிறது அக்காவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அழுதுகொண்டுதான் ஊருக்குப் போவா. நான் விடுற இடத்தில நீ பிடிச்சுக்கொள்."

"எப்பிடிப் பிடிக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? உன்ர கால்தானே!"

சொல்லித்தர ஒருவரும் இல்லை. கடைசியில் நீயே நிலத்தில் குந்தி என் கணுக்காலைப் பிடித்தாய். பாடிக்கொண்டே வந்து, மூச்சு முடியும் இடத்தில் என் காலை வலது பெடலில் அழுத்துவாய். பியானோ தன்பாட்டில் ஒலித்துக்கொண்டிருக்கும். அதற்குள் நீ மூச்சை இழுத்து, அடுத்த சொல்லைத் தொடங்கும்போது கையை எடுப்பாய். நானும் காலை எடுப்பேன், பழைய ஒலி விலகிப் புதியது தெளிவாக வரும். பிந்தி எடுத்தால் எல்லாம் குழம்பிக் கூழாகிவிடும். அப்போது நகத்தால் நுள்ளுவாய். எத்தனை நுள்ளு வாங்கியிருப்பேன் மச்சாள்! திருவிழாவுக்குப் போகும்போது என் கணுக்கால் கன்றிப்போயிருந்தது.

அன்று நீ என் பக்கத்தில் நின்று பாடினாய். உன் கை என் காலில் இல்லை, உன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் ஏறினால் மூச்சு, இறங்கினால் சொல். பூசை முடிந்து வெளியே வந்த உன் அக்கா உன் முகத்தைத் தடவி, "முட்டு வருத்தம் எண்டாங்களே, இவள் எங்க மூச்சு வாங்கினவள்?" என்று கேட்டா. நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

உன்னைச் சேமக்காலை மண்ணில் அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு, உன் பாட்டை இப்போது ஒரு பிள்ளை பாடுகிறாள். நல்ல குரல், நீந்துகிறவளுக்கு இருக்கும் மூச்சு. முதல் நாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அன்ரி, அந்த இடத்தில ஏன் காத்து நிக்கிறீங்க? எனக்கு மூச்சு இருக்குதானே" என்றாள். "ஓம் பிள்ளை" என்று சொல்லி, அவளுக்கு ஏற்றபடி வாசிக்கப் பழகிக்கொண்டேன். அவளில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் உன்னைத்தான் மனம் தேடுகிறது.

கோவில் வெறுமையாக இருக்கும்போது உன் கணக்கில்தான் வாசிக்கிறேன். நீ விடும் இடம் வந்ததும் பெடலை அழுத்திப் பிடிக்கிறேன். ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து இல்லாமலே போகிறது. காலை எடுக்க மனம் வருவதில்லை மச்சாள். நீ அடுத்த சொல்லைத் தொடங்கினால்தானே நான் எடுக்கலாம்.