றேடியோவில் மலரின் பெயர்

17-9-1978, ஞாயிறு இரவு, பரமட்டா

பேசவும் கேட்கவும் கூடிய றேடியோ ஒன்றை இன்றைக்குக் காரில் பூட்டி முடித்தேன். சிகரெட் லைற்றர் துளையிலிருந்து மின்சாரம் எடுத்தபோது இஞ்சின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கென் வந்து பார்த்துவிட்டு, "பற்றரியிலிருந்து நேரே வயர் எடும், இடையில் ஒரு பியூஸ் போடும்" என்றான். அப்படியே செய்தோம். கூரையில் அன்ரெனாவையும் பொருத்தினோம். இரைச்சல் அடங்கியது.

முதலில் கேட்டது ஒரு பெண்ணின் ஆங்கிலக் குரல். லொறி ஓட்டும் தன் புருஷனைக் கூப்பிட்டு, "எங்கே நிற்கிறீங்கள்? சாப்பாடு ஆறிப்போகுது" என்றாள். "இந்தா, பாலத்தடிக்கு வந்திட்டன்" என்றான் அவன். கென் சிரித்தான். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

என் மனைவி மலர் இன்னும் ஊரில், மானிப்பாயில் இருக்கிறாள். அவளுக்கு இங்கே வர விசா வந்தபாடில்லை. இந்தப் பெட்டியின் குரல் சில மைலுக்கு மேல் போகாது என்பது எனக்குத் தெரியும். என்றாலும், கென் போன பிறகு கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பொத்தானை அமத்தி, "மலர், நான் வந்திட்டன், சாப்பாட்டைப் போடும்" என்றேன்.

பிறகு யாரோ ஒரு கிழவர் ஆங்கிலத்தில், "விளங்கவில்லை, திருப்பிச் சொல்லும்" என்றார்.

திருப்பிச் சொன்னேன், தமிழிலேயே. அவளைப் பெயர் சொல்லி வாய்விட்டுக் கூப்பிட்டு ஒன்றரை வருஷமாகியிருந்தது.