மண்வெட்டியோடு போனவர்கள்

கும்பகோணம்,
26.6.1999

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

தங்கை அருள்ஜோதி எழுதுவது. நான் சுகம். மஸ்கட்டில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பஞ்சநதம் உங்களுக்கு ஐ.எஸ்.டி. போட்டுப் பேசினாராம். என்னிடமே வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். கைக்காசு போட்டு வெளிநாட்டுக்குக் கோள் சொல்லும் மனுஷரை இப்போதுதான் பார்க்கிறேன். அவர் சொன்னதை விடுங்கள், நடந்ததை நான் எழுதுகிறேன்.

நம் வயலெல்லாம் மனையாகிப் போய், வீட்டுக் கொல்லையில் மிஞ்சிய ஒரு மா அளவு நிலத்தில் மூன்று வருடமாக ஒன்பது பேர் பாடுபடுகிறார்கள். மனசு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்து, மாத்திரையோடு வெளியே வந்தும் வீட்டில் சேர்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள். நான் வார்டில் நர்ஸாக இருந்தபோது பார்த்த முகங்கள்தான் பாதி. காலை ஏழு மணிக்கு வந்து, சுவரில் மாட்டியிருக்கும் அவரவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். மூன்று மணிக்குக் கழுவி மாட்டிவிட்டு, தங்கியிருக்கும் விடுதிக்குப் போவார்கள். ஆமினா இரண்டு வருடம் வாயே திறக்காதவள். இப்போது கீரைக்கூடையோடு தெருவில் இறங்கினால் அவளிடம் பேரம் பேச யாருக்கும் தெம்பில்லை.

தங்கையன் ஆறு வருடம் சொந்த அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சங்கிலியில் கிடந்தவர். கணுக்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. கொல்லை வாசலுக்கு நான் கதவே வைக்காதது அவருக்காகத்தான். வந்த முதல் நாள் மூன்று தடவை வெளியே போய்ப் போய்த் திரும்பி வந்தார். யாரும் தடுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

போன வியாழக்கிழமை ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது. அவர் குறுவைக்கு விதைவிட்ட நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் அரசலாற்றுக் கரைக்குப் போய்விட்டார். நான்கு மணிக்குச் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்து, "மடையில குப்பை அடைச்சிருந்துச்சும்மா, எடுத்துவுட்டுட்டேன், தண்ணி வரும்" என்றார். வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஞ்சநதத்துக்கு மட்டும் அது பைத்தியம் தப்பி ஓடின கதை.

அவர் மறுபடி போன் செய்தால், அவருடைய வீட்டு வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
ஜோதி


மஸ்கட்,
9.7.1999

அன்புள்ள ஜோதிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

அழுகை வந்ததாக எழுதியிருக்கிறாய். நான் அந்த வரியோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அந்த ஆள் தனியாகப் போனது அரசலாற்றுக்கு. நம் அப்பா போன அதே ஆற்றுக்கு.

உனக்கு அப்போது எட்டு வயது, உனக்கு என்ன நினைவிருக்கும்? மனசு சரியில்லாத அப்பாவைப் பின்கட்டு அறையில் பூட்டி வைத்திருந்த இரண்டு வருடமும் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா வேலைக்குப் போனதும் சோறு வைப்பது, பூட்டுவது, இழுத்துப் பார்ப்பது எல்லாம் நான்தான். ஒரே ஒரு சனிக்கிழமை பூட்ட மறந்தேன். மத்தியானம் நான் தூங்கி எழுவதற்குள் அப்பா போய் ஆற்றில் விழுந்துவிட்டார். பூட்டினதாகத்தான் இன்றுவரை எனக்கு ஞாபகம். ஆனால் பூட்டு திறந்து தொங்கியது. அம்மா விறகுக்கட்டையால் அடித்தாள், வாங்கிக்கொண்டேன். வேண்டியதுதான்.

ஆகவே எனக்குப் பாடம் நடத்தாதே. இரும்புக் கேட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. பூட்டு பஞ்சநதம் வாங்குவார். உன்னிடம் ஒரு சாவி, அவரிடம் ஒரு சாவி. அவர்கள் உள்ளே இருக்கும்வரை கேட் பூட்டியிருக்க வேண்டும். பட்டா என் பேரில் இருக்கிறது. முடியாது என்றால் தோட்டமே வேண்டாம், நிலத்தைக் கேட்டு இரண்டு பேர் நடையாய் நடக்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதே. உன் நல்லதுக்குத்தான்.

அண்ணன்,
டேவிட்சன்


கும்பகோணம்,
31.7.1999

அண்ணனுக்கு,

உங்கள் பூட்டு வேலை செய்துவிட்டது.

கேட்டை மாட்டவிட்டேன். பூட்டத்தான் விடவில்லை. செவ்வாய்க்கிழமை மாத்திரை வாங்க நான் தஞ்சாவூர் போன நேரம் பார்த்து, பஞ்சநதம் ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு சீர்காழிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். என் சாவி என் கைப்பையில். கீரை விற்கப் போன ஆமினா பதினோரு மணிக்கு வந்து, வெளியே நின்று கத்தியிருக்கிறாள். தெருவே கூடி நின்றது. ஒருவரும் கை வைக்கவில்லை. மஸ்கட் அண்ணன் போட்ட பூட்டாம், உடைத்தால் கேள்வி வருமாம். இரண்டு மணிக்கு நான் வந்து திறந்தேன்.

தங்கையன் கேட்டின்மேல் ஏறி, கம்பி முள்ளில் இரண்டு உள்ளங்கையும் கிழிந்து, நாற்றங்காலிலேயே விழுந்து புரண்டிருக்கிறார். நாற்று முழுக்க நாசம். கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார், ரத்தத்தோடு. இன்றோடு நாலு நாள். சோறும் இல்லை, பேச்சும் இல்லை. மூன்று வருடத்தை ஐந்து மணி நேரத்தில் கொன்றுவிட்டீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன் என்கிறார் பஞ்சநதம். உண்மைதானே.

அப்பாவைச் சொல்லி என் வாயை அடைக்கிறீர்கள். சரி, அப்பாவைப் பற்றியே எழுதுகிறேன்.

நீங்கள் மறக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் பூட்டினீர்கள். நான்தான் திறந்தேன்.

நீங்கள் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தூங்கினீர்கள். அப்பா ஜன்னல் வழியாக, "பாப்பா, ஆத்துல தண்ணி வந்துருச்சாம், மடையத் திறந்துவுடணும், இல்லாட்டி நாத்து காஞ்சுரும்" என்றார். சத்தமாகக்கூடப் பேசவில்லை. நல்ல அப்பாவாக இருந்தார். சாவியை எடுத்தேன், திறந்தேன், பையிலேயே திரும்பப் போட்டுவிட்டேன். அப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். சாகப் போகிறவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவாரா அண்ணா? மடை திறக்கப் போன இடத்தில் கால் வழுக்கியிருக்கிறது. எத்தனையோ குடியானவர்கள் அப்படிப் போயிருக்கிறார்கள். இரண்டு வருடம் நடக்காத கால், வேறென்ன செய்யும்.

பட்டா உங்களுடையது. விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். பூட்ட மட்டும் விடமாட்டேன்.

ஜோதி


மஸ்கட்,
30.8.1999

அருள்ஜோதிக்கு,

தங்கையனுக்கு நடந்தது என் குற்றம். அதில் பஞ்சநதத்தை இழுக்காதே. கேட்டைக் கழற்றி அவர் வீட்டிலேயே போட்டுவிடும்படி சொல்லிவிட்டேன். நிலத்தை உன் பேருக்கு மாற்றும் பத்திரம் இத்துடன் இருக்கிறது.

இனி என் கோபத்தைச் சொல்கிறேன்.

அம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டா டேவிட், அன்னைக்கு ஏண்டா பூட்ட மறந்தே" என்று கேட்டாள். நீ அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாய். எட்டு வயதில் நீ பயந்து வாயை மூடிக்கொண்டதைக் குற்றம் சொல்லமாட்டேன். அம்மா அப்படிக் கேட்ட அன்றைக்கு உனக்கு முப்பது வயது. விசிறியைக்கூட நிறுத்தவில்லை.

இருபத்தெட்டு வருடம் நான் எந்த ஊரில், எந்த அறையில் இருந்தாலும் தாழ்ப்பாளை ஐந்து தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். உன் அண்ணிக்கு என் வியாதி தெரியும், காரணம் தெரியாது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தோட்டம் போட்டுக் குணமாக்கினாய். எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மன்னிக்க முடியுமா என்று ஜெபித்துப் பார்த்தேன். முடியவில்லை.

அப்பாவின் மண்வெட்டியை மடையோரத்திலிருந்து வீட்டுக்குத் தூக்கிவந்தது நான்தான். அதன் இலைத் தகட்டில் ஈரச்சேறு அப்பியிருந்தது, வெட்டிக்கொண்டிருந்த சேறு. அதை என் கையாலேயே கழுவினேன். இத்தனை வருடம் அது என்னவென்று யோசிக்கவில்லை. அப்பா வேலையில் இருந்திருக்கிறார்.

அந்த மண்வெட்டி பின்கட்டுப் பரணில்தான் கிடக்கும். தங்கையன் எழுந்தால் அதை அவரிடம் கொடு. அவர் மறுபடி தண்ணீர் பார்க்கப் போன அன்றைக்குப் பஞ்சநதத்தை எனக்கு ஒரு போன் போடச் சொல். நீ எழுத வேண்டாம்.

ஜோ. டேவிட்சன்