கொள்ளையனைத் திட்டியதற்கு ஊர்விலக்கா?

அனுப்புநர்:
கெட்டில், த/பெ ஸ்டெய்ன், உழவன்,
ஊல்தர்பி கிராமம், லிண்ட்சிச் சீமை.

பெறுநர்:
சீமைத் தலைவர் அவர்கள், லிங்கன் கோட்டை.

பொருள்: மணியக்காரர் லியோஃப்வின் என்னைத் துரோகி என்று சொல்லி நிலத்தைப் பறிப்பது குறித்து.

மதிப்புக்குரிய அய்யா,

1. என் கொள்ளுத்தாத்தா டேனியக் கப்பலில் வந்தவர்தான். மறைக்கவில்லை. நான் இந்த மண்ணில் பிறந்தவன். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவன்.

2. சென்ற மாதம் கொள்ளைக் கப்பல்கள் மூன்று எங்கள் ஆற்றில் நுழைந்தன. ஊரார் கேடயம் சேர்த்து நின்றோம். என் இடப்பக்கம் அடுத்த வீட்டு விக்ஸ்டன். மணியக்காரர் ஆள் திரட்டி வருவதாகக் குதிரையேறிப் போனவர், எல்லாம் முடிந்த மறுநாள்தான் திரும்பினார்.

3. எதிரிகளில் ஒருவன் என் கழுத்தில் கிடந்த, கொள்ளுத்தாத்தா காலத்து டேனியத் தாயத்தைப் பார்த்து, "டேய், நம்ம ஆளுதானே நீ? அங்க என்னடா பண்ற, இந்தப் பக்கம் வா!" என்று டேனிய மொழியில் கூவினான். நானும் அதே மொழியில், "என் கொல்லையில கால வெச்சுப் பாரு, முறிச்சு அடுப்புல வெச்சிருவேன்!" என்றேன். அவன் தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன். அதை எழுதமாட்டேன் என்று, நான் சொல்லச் சொல்ல இம்மனுவை எழுதும் பாதிரியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அர்த்தம் கேட்ட விக்ஸ்டனுக்கு மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். சற்று நேரத்தில் ஈட்டி பாய்ந்து செத்தான்.

4. தூரத்தில் நின்ற யாரோ, நான் எதிரியோடு பேசியதாக மணியக்காரரிடம் ஓதியிருக்கிறார்கள். நான் துரோகி இல்லை என்று பன்னிரண்டு பேர் எனக்காகச் சத்தியம் செய்யவேண்டும், இல்லையேல் இன்னும் ஆறு வாரத்தில் வரும் மார்ட்டின் திருநாளுக்குள் நிலத்தைப் போட்டுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியேறவேண்டும் என்கிறார். பதினொரு பேர் வந்தார்கள். ஒன்பது பேர் ஆங்கிலேயர்! ஒரு தலை குறைகிறதாம், செல்லாதாம். ஓடிப்போனவர் தலை எண்ணுகிறார்! வயிறு எரிகிறது அய்யா.

5. விக்ஸ்டனின் மனைவி ஈட்கித், கணவன் கேடயத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய முன்வந்தாள். பெண் சாட்சி கூடாது என்று விரட்டிவிட்டார். அவள் கணவன் உடலைத் தோளில் சுமந்துபோய் வாசலில் இறக்கியவன் நான்தான்.

ஆகவே தாங்களே நேரில் வந்து விசாரிக்கவேண்டும். விசாரணைச் சபையை மணியக்காரர் வீட்டில் கூட்டாமல், எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில், விக்ஸ்டனைப் புதைத்த இடத்தருகே கூட்டுங்கள். என்னுடைய பன்னிரண்டாவது ஆள் அங்கேதான் இருக்கிறான்.

இடம்: ஊல்தர்பி
நாள்: ஆண்டவர் ஆண்டு 993, மிக்கேல் திருநாளுக்கு மறுநாள்

இப்படிக்கு,
கெட்டில் (கைக்குறி) X