முயலைப் பார்த்த இடம்

தீர்த்தம்,

நீ காட்டு வேலையிலிருந்து திரும்புவதற்குள் மொரப்பூர் வண்டி வந்துவிட்டது. அங்கே ரயில் பிடித்துச் சேலம் போகிறேன். நாளை சாயங்காலம் வருவேன். மண்ணெண்ணெய்ச் சீட்டு மாடத்தில் இருக்கிறது, இன்றே வாங்கிவிடு.

நாளை ஊரே முயல் அடிக்கப் பாரிவேட்டைக்குப் போகும். அதற்காக உன் தம்பி நஞ்சப்பன் இன்று வருவான். சேவலை அடித்துக் குழம்பு வை. காலை நடையில் மாமா என்ன பார்த்தார் என்று கேட்பான்.

போன வருஷம் ஏரிக்கரையில் முயல் படுக்கும் புதரை உன்னிடம் சொன்னேன். நீ அவனிடம் சொன்னாய். நீ வைத்த குழம்பைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அது என்ன கறி என்று கேட்டேன். "நீங்க சொன்ன எடந்தானுங்க. நல்லாத் தின்னுட்டு இப்ப மூஞ்சியத் தூக்கிக்கிறீங்களே" என்று சிரித்தாய்.  ஒரு வருஷமாக நான் பார்ப்பது எதையும் உன்னிடம் சொல்வதில்லை.

இன்று ஒரு முயலைப் பார்த்தேன். கூடவே இரண்டு குட்டிகள்.

பி.கு. எங்கே என்று எழுதித்தான் இருந்தேன். அந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்று. உன்னிடம் மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. நாளை மறுநாள் விடியும்போது என்னோடு நடந்து வா. அதற்குள் யாரும் அடிக்காமல் இருந்தால் காட்டுகிறேன்.